காணாமல் போன நூற்று நாற்பத்து நான்கு செடிகள்

சென்ற பிப்ரவரியில் எங்கள் பழைய தோட்டப் பிரிவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவர், இப்போது மேற்பார்வையாளர். நெய்வேலி நகரியத்தில் உள்ள எல்லாச் செடிகளையும் கைபேசியில் படம் பிடித்து ஏற்றச் சொல்லி உத்தரவாம். செடி ஒன்றுக்குப் படம் ஒன்று.

“சார், விருந்தினர் மாளிகைக்குப் பின்னால தூங்குமூஞ்சி மரத்தடியில ஒரு பாத்தி வெறுமனே கிடக்கு. சுத்தி செங்கல் வரிசை மட்டும் இருக்கு. அதுல ஏதாவது உண்டா, இல்ல டைல்ஸ் போட்டுடலாமா?”

போடுவதானால் பூப்போட்ட டைல்ஸாகப் போடுங்கள், கோடையில் அந்த இடத்துக்குக் குறை தெரியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கேட்டுவிட்டு டைல்ஸ் போட நினைக்கிறாரே, அதுவே பெரிய முன்னேற்றம். எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்து பழைய டைரிகளைப் பிரித்ததும் விஷயம் நீண்டுவிட்டது.

நான் 1971 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். திண்டுக்கல் பக்கத்துக்காரன். ஓராண்டுப் பயிற்சியில் மூன்று கலைகள் கற்றுத் தந்தார்கள்: குரோட்டன்ஸை வெட்டுவது, செம்பருத்தியை வெட்டுவது, அதிகாரி நடந்து வரும் பாதையில் எதையும் வெட்டாமல் விட்டு வைப்பது. முதல் இரண்டும் கைக்கு வந்தன. மூன்றாவதுதான் பதவி உயர்வுக்கு உரியது என்பது எனக்குத் தாமதமாகவே விளங்கியது.

அந்தக் காலத்தில் எங்களை வாட்டிய பிரச்சினை நிழல். நகரியத்தை அமைத்தவர்கள் தாராளமாக மரம் நட்டார்கள். மரம் தாராளமாக நிழல் தந்தது. அந்த நிழலில் பூச்செடி எதுவும் வரவில்லை. ‘மரத்தடிகளில் பூ இருக்க வேண்டும்’ என்ற உத்தரவு மட்டும் வாடாமல் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது.

நூலகத்தில் நிழல் தோட்டம் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. எழுதியவர் குளிர்நாட்டுக்காரர். பனி உருகியதும், மற்றவை விழிக்கும் முன்பே முந்திக்கொண்டு பூக்கும் பல்லாண்டுச் செடிகளை மரத்தடியில் நடுங்கள் என்கிறார். நெய்வேலியில் பனி உருகுவதற்குக் காத்திருந்தால் ஓய்வூதியம்தான் வரும். இங்கே உருகுவது தார் ரோடு ஒன்றே. ஆனாலும் கருத்து நல்ல கருத்து. அப்படி முந்திப் பூக்கிற கிழங்கு நமக்கும் ஒன்று உண்டு. பந்து லில்லி.

1974 ஜூலையில் ஏற்காட்டிலிருந்து ஒரு சாக்கு கிழங்கு கொண்டுவந்து, தம்பி கேட்ட அந்தப் பாத்தியில் நட்டேன். பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. ஆக நூற்று நாற்பத்து நான்கு. அதற்கு மேல் சாக்கில் ஒன்பது இருந்தன. சதுரம் கெடும் என்று அவற்றை வேறிடத்தில் நட்டேன். என் சுபாவம் அப்படி.

பந்து லில்லியின் வாழ்க்கை முறை அரசாங்க ஊழியருக்கு ஏற்றது. வருஷத்தில் ஏறத்தாழ பத்து நாள் வேலை செய்யும். கோடையின் முதல் மழை பெய்து சில நாளில், இலை கூட இல்லாமல், மண்ணிலிருந்து மூக்கு மாதிரி ஒரு மொட்டு எட்டிப் பார்க்கும். நாலைந்து நாளில் முழ உயரத் தண்டும், அதன் தலையில் சின்னத் தேங்காய் அளவுக்குச் சிவப்புப் பந்தும். பூ போன பிறகுதான் இலை பெருகும். ஐப்பசி மழையெல்லாம் குடித்துவிட்டுக் கார்த்திகையில் இலை பழுத்து விழும். அதன் பின் அடுத்த கோடை மழை வரை மண்ணுக்கு மேலே அடையாளமே இருக்காது. அந்த நாட்களில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். ஆண்டுதோறும் மழை பெய்த நாள், முதல் மூக்கு தெரிந்த நாள், பூ விரிந்த நாள் மூன்றையும் டைரியில் குறித்து வந்தேன். மழைக்கும் மூக்குக்கும் இடையே ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். ஆறு ஆண்டுகளில் இது மாறியதில்லை.

பாத்தியைப் பார்த்துக்கொண்டவர் அஞ்சலை. முப்பத்தைந்து வயது இருக்கும். பிறந்தது காடாம்புலியூர், கட்டிக்கொடுத்த ஊரில் கணவர் வீட்டு முந்திரிக் கொல்லை நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. ஏழு ஆண்டுகளாகக் கான்ட்ராக்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். 1981 மார்ச் 31 அன்று, பர்மனென்ட் ஆக்கப்படுவோரின் பட்டியல் எங்கள் பிரிவிலிருந்து மேலே போக வேண்டும். அதில் அவர் பெயர் இருந்தது. பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி அட்டை, ‘நாளைக்கு வா’ என்று யாரும் சொல்லத் தேவையில்லாத நாளை. விசாரணையில் இருப்பவர் பெயர் பட்டியலில் போகாது. அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டால் பெரியவர்கள் மேலே பார்ப்பார்கள்.

அந்த ஜனவரியில் எங்களுக்குப் புது அதிகாரி வந்தார். திருவேங்கடம் என்று வைத்துக்கொள்வோம். சுரங்கத்தில் இருபது ஆண்டு இருந்தவர். அவரை ஏன் பூந்தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பதற்கு இரண்டு கதைகள் உலவின. இரண்டிலும் அவர் சொன்னதுதான் சரி, அதுதான் தப்பாகப் போயிற்று. முதல் வாரம் முழுக்கத் தலையில் ஹெல்மெட்டோடு ரோஜாக்களுக்கு நடுவே நடந்தார். சட்டைக் காலரின் உள்ளே மடித்த கைக்குட்டை, பையில் எஃகு அளவு நாடா, சிவப்பு மசிப் பேனா. குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். கத்துகிற அதிகாரி மறுநாள் மறந்துவிடுவார். இவர் மெல்லப் பேசி மெமோவாக எழுதுவார்.

என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: “இந்தப் பூவெல்லாம் எந்த ஷிஃப்டுல பூக்குது?”

“பெரும்பாலும் ஜெனரல் ஷிஃப்டுல சார்” என்றேன். குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி 23, திங்கட்கிழமை, செடிகளை நேரில் பார்த்து எண்ண வந்தார். முன்னிருந்த அதிகாரிகள் இந்த எண்ணிக்கையை ஜூனில் வைத்துக்கொள்வார்கள். அப்போது எல்லாம் பச்சையாக இருக்கும், வெயிலும் சற்றுத் தணிந்திருக்கும். இவர் பிப்ரவரியில் வந்தார். பந்து லில்லிப் பாத்தியின் முன் நின்று பதிவேட்டைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார். மறுபடி பதிவேடு.

“நூத்து நாப்பத்தி நாலு செடி. எங்கய்யா?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். அதில் இரண்டே பத்திகள்: உயிருடன் உள்ளவை, இறந்தவை. உறங்குபவை என்று பத்தி கிடையாது.

“ரெண்டுல எதுன்னு சொல்லுங்க.”

அஞ்சலை உட்கார்ந்து, விரலாலேயே மண்ணைக் கீறி, ஒரு கிழங்கை எடுத்துத் துடைத்து நீட்டினார். “இங்க பாருங்க ஐயா. தூங்கிகினு இருக்குது.”

திருவேங்கடம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது வெங்காயம். ரிஜிஸ்டர்ல செடின்னு போட்டிருக்கு. இலை எங்க? தண்டு எங்க?”

“எல்லாத்தையும் தோண்டிக் காட்டிடட்டுமா சார்?” என்றேன்.

“காட்டினா, நூத்து நாப்பத்தி நாலு வெங்காயம் இருக்குன்னு எழுதுவேன். அப்பவும் செடி காணோம்தானே?”

பிறகு ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்: ‘மேற்படி பாத்தியில் செடி எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை.’ வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுத்துப் பிழை கூட இல்லை. உண்மைக்கு எப்படிக் கையெழுத்துப் போடாமல் இருப்பது? தேதியுடன் போட்டேன். தேதி போடாமல் நான் எதிலும் கையெழுத்திட்டதில்லை.

இரண்டு நாள் கழித்து மெமோ வந்தது. நூற்று நாற்பத்து நான்கு செடிகள் காணவில்லை. மேற்பார்வையாளரே அதை எழுத்தில் உறுதி செய்துள்ளார். பாத்திக்குப் பொறுப்பான தொழிலாளி அஞ்சலை விளக்கம் தர வேண்டும். அந்த மேற்பார்வையாளர் நான்தான். என் கையெழுத்து சாட்சி எண் ஒன்று.

அஞ்சலைக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

“ஏன் சார், கையெழுத்து முத்து முத்தா வருதுன்னு, நீட்டுற எடத்துலலாம் போட்ருவீங்களா?”

அதில் எழுதியிருந்தது உண்மைதான் அஞ்சலை என்றேன்.

“உண்மைதான். எங்க மாமியாகூட உண்மையா சொல்லித்தான் என்னிய வூட்ட வுட்டுத் தொரத்திச்சி.”

மறுநாள் அலுவலகத்தில் விசாரணை. திருவேங்கடம் கேட்க, அஞ்சலை சொல்வதை எழுதும் பணியும் எனக்கே கிடைத்தது, கையெழுத்து அழகு.

“ஏம்மா, செடிய யாருக்குக் குடுத்த? பண்ருட்டி சந்தைக்குப் போச்சா?”

“பண்ருட்டி சந்தையில பலாப்பழத்த வுட்டுட்டு இத எவன் ஐயா வாங்குவான்? மண்ணுக்குள்ளதாங்க இருக்குது.”

“எப்ப எழுந்திரிக்கும்?”

“மழ பேஞ்சாதாங்க.”

“மழை எப்பப் பெய்யும்?”

அஞ்சலை என்னைப் பார்த்தார். “அத சார்தான் நோட்டுல எழுதி வெச்சிகினு இருக்காரு.”

நான் டைரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். திருவேங்கடம் பேனாவை உயர்த்தி நிறுத்தினார். “அது உங்க சொந்த நோட்டு. ரெக்கார்டு இல்ல.”

அப்போது அஞ்சலை பேசியதை நான் எழுதவில்லை. எழுத மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் டைரியில் எழுதினேன், அதிலிருந்து தருகிறேன்.

“ஐயா, எங்க வூட்டுக்காரரு கொல்லையில முந்திரிதாங்க நின்னுகினு இருந்துது. அடியில கரி கெடக்குதுன்னு நீங்கதான் வந்து சொன்னீங்க. எங்க கண்ணுக்கு ஒண்ணுந் தெரியல. ஆனா நம்பி எழுந்து வந்துட்டோம். இருநூறு அடிக்குக் கீழ கெடந்தத நாங்க நம்புனோம். நாலு வெரக்கடையில கெடக்கறத நீங்க நம்ப மாட்டேன்றீங்களே.”

திருவேங்கடம் பேனாவைக் கீழே வைத்தார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். அவர் விடை தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அதுக்கு பூமியில போர் போட்டுப் பாத்த ரெக்கார்டு இருந்துச்சும்மா.”

கடைசியில் ஒரு சலுகை தந்தார். முப்பத்தொன்றாம் தேதிக்கு முன்னால் நூற்று நாற்பத்து நான்கு செடியைக் கண்ணால் கண்டால் மெமோ ரத்து. இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இல்லை. மழை சாதாரணமாக ஏப்ரல் கடைசியில்தான் வரும். சில ஆண்டு மே. டைரி சொல்கிறது.

வெளியே வந்ததும் அஞ்சலை சொன்னார்: “மழ வர்லன்னா நாமதான் மழையாவணும் சார்.”

எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. சுரங்கம் மூழ்காமல் இருக்க நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தாக வேண்டும். அது குழாயில் நகரியத்துக்கு வரும். எனவே ஊற்றுவது எளிது. ஊற்றினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. கிழங்கு விழிக்கத் தயாராக இல்லாத நேரத்தில் ஈரம் பட்டால் அழுகும். அழுகினால் பூவும் இல்லை, வெங்காயமும் இல்லை. உண்மையாகவே காணாமல் போன நூற்று நாற்பத்து நான்கு. பாதிப் பாத்திக்கு மட்டும் ஊற்றிப் பார்ப்போம் என்றேன்.

“பாதி எழுந்தா பாதி வேல குடுப்பாங்களா?” என்றார் அஞ்சலை.

அதற்குப் பிறகு நடந்த வேலைமுறை முழுக்க அவருடையது. பிப்ரவரி 27 அன்று பாத்தியின் மேல் கிடந்த சருகு முழுவதையும் வாரினார். நான் ஆறு ஆண்டாகப் போற்றிப் பாதுகாத்த சருகு. ‘மண்ணுக்குச் சூடு ஏறணும் சார், போர்வ இருந்தா எப்படி ஏறும்?’ தூங்குமூஞ்சி மரமும் இலையைக் கொட்டிக்கொண்டிருந்ததால் வெயில் நேரே இறங்கியது. தினமும் மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். அது ஆகாது என்றார். குறிஞ்சிப்பாடியிலிருந்து எட்டுப் பானை வாங்கிவந்து, நிழலில் வைத்து, முந்தைய நாளே நிரப்பிக் குளிர வைத்தார். மார்ச் 10, செவ்வாய். பிற்பகல் மூன்று மணி. பூவாளியைத் தலைக்கு மேல் தூக்கி, மண் அதிரும்படி ஊற்றினார். மேலிருந்து விழ வேண்டுமாம். வேரடியில் விட்டால் மழை என்று அது நம்பாதாம். மண்ணிலிருந்து கோடை மழையின் வாசனை எழுந்தது. நானே ஏமாந்து வானத்தைப் பார்த்தேன். கிழங்கு ஏமாறக் கேட்பானேன்? அடுத்த இரண்டு நாளும் அதே நேரம், அதே முறை. பிறகு ஒரு சொட்டு கூட இல்லை.

ஒன்பதாம் நாள் ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள் ஒன்றுமில்லை. பதின்மூன்றாம் நாள் டைரியில் ‘இல்லை’ என்று எழுதினேன். அதற்கு முன் அந்தச் சொல்லை அந்தப் பக்கத்தில் எழுத நேர்ந்ததில்லை. ஒரு கிழங்கைத் தோண்டி அழுகிவிட்டதா என்று பார்க்கலாம் என்றேன். அஞ்சலை மண்வெட்டியை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார்.

“வாணாம் சார். சோறு வெந்துதான்னு ஒவ்வொரு நிமிசமும் தட்டத் தெறந்தா வேவாது.”

அன்று மதியம் அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

மார்ச் 24 காலை ஏழேகால். மூன்றாவது வரிசை, ஐந்தாவது இடம். மண் சற்று வெடித்து, அதன் நடுவில் சிவப்புப் புள்ளியுடன் ஒரு மூக்கு. அஞ்சலை காட்டினார். மாலைக்குள் இருபது. மறுநாள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நான் எண்ணுவதை நிறுத்தியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். 28ஆம் தேதி விருந்தினர் மாளிகைச் சமையற்காரர்கூட வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 30, திங்கள். திருவேங்கடம் வந்தார். பூ அழகாக இருக்கிறது என்று தவறி ஒரு சொல் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் முறையோடு வந்திருந்தார். ஸ்டோரில் சொல்லி நூற்று நாற்பத்து நான்கு மூங்கில் குச்சிகள் சீவி வைத்திருந்தார். செடிக்கு ஒரு குச்சி. பூவுக்கும் ஒன்று, மொட்டுக்கும் ஒன்று, இலை நுனி மட்டும் தெரிந்தாலும் ஒன்று. குச்சி தீரும்போது செடி மிஞ்சக் கூடாது, செடி தீரும்போது குச்சி மிஞ்சக் கூடாது. சுரங்கத்தில் ஏதோ ஒன்றை இப்படித்தான் சரிபார்ப்பார்களாம்.

அவர் சொல்ல, அஞ்சலை நட்டார். ஒன்றரை மணி நேரம். குச்சி தீர்ந்தது.

செடி தீரவில்லை. குச்சியில்லாமல் பதினொன்று நின்றன.

கிழங்கு பக்கத்தில் குட்டி போடும். ஏழு ஆண்டில் சில குட்டிகள் வளர்ந்து தாயோடு நிற்கும். இதை நான் விளக்கினேன். அவர் சிவப்புப் பேனாவை மூடவில்லை.

“குறைஞ்சாலும் கணக்கு தப்பு. கூடினாலும் தப்பு. பதினோரு செடி எங்கிருந்து வந்துச்சு? கொள்முதல் பேப்பர் எங்க?”

“சார், நாளைக்குப் பட்டியல் போகணும்” என்றேன்.

“கணக்கு சரியில்லாம நான் எப்படி மெமோவ ரத்து பண்றது?”

அஞ்சலை நிமிர்ந்தார். கையில் மண். முகத்தில் ஒன்றும் இல்லை.

“ஐயா, மிச்சமா இருக்கறதுதான தொந்தரவு? ஐயா வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடுங்க. இங்க கணக்கு நேராயிடும்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது திருவேங்கடம் யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்து, நன்றாகப் பூத்திருந்த பதினொன்றைத் தாமே தேர்ந்தெடுத்தார். அஞ்சலை வேர்மண்ணோடு தோண்டிக் கூடையில் வைத்தார். அவற்றின் குச்சிகள் மிஞ்சிய பதினொன்றுக்கு மாறின. கூடைச் செடிகள் மாலை நான்கு மணிக்கு அவர் ஜீப்பில் போயின. செடித் திருட்டு விசாரணை, பதினோரு செடி ஜீப்பில் ஏறியவுடன் முறைப்படி முடிவுற்றது. பதிவேட்டில் சிவப்பு மசியில்: 144, சரி. மறுநாள் பட்டியல் மேலே போனது, பெயர் இருந்தது. ஆகஸ்டில் அஞ்சலை பர்மனென்ட் ஆனார்.

இதை நான் நியாயம் வென்ற கதையாகச் சொல்லவில்லை. என் கையெழுத்து அந்தத் தாளில் இல்லாமலிருந்தால் அவர் அந்த ஒரு மாதம் பட்டது எதுவும் தேவையில்லை. பிறகு பல தாள்கள் என்னிடம் நீட்டப்பட்டன. ‘செடி தென்படவில்லை’ என்ற இடங்களில் ‘கிழங்கு உள்ளது’ என்று சேர்த்த பிறகே கையெழுத்திட்டேன். இதற்காக எனக்கு ஒரு பதவி உயர்வு இரண்டு ஆண்டு பிந்தியது. அதன் தேதியும் என்னிடம் உண்டு.

டைரியில் இன்னும் ஒரு குறிப்பு. 1982 பிப்ரவரி 16, செவ்வாய். திருவேங்கடம் வழக்கத்துக்கு மாறாக எங்கள் கொட்டகைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். குரல் எப்போதையும் விடத் தாழ்ந்திருந்தது.

“ஒரு விஷயம். வெளிய போக வேண்டாம். என் வீட்டுத் தோட்டத்துல இருந்த பதினோரு செடியையும் யாரோ எடுத்துட்டாங்க.”

“அது உறங்குற நேரம் சார்” என்றேன்.

“அது இங்க. இங்க நீங்க தண்ணி ஊத்தறதில்ல. நான் தினம் ரெண்டு வேளை ஊத்தறேன்யா. எப்படித் தூங்கும்? காம்பவுண்டு வாசல்ல ஆள் வேற போட்டிருக்கு.”

ஓரத்தில் பூவாளிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த அஞ்சலை எழுந்தார். இப்போது பர்மனென்ட், எழுந்த வேகத்தில் அது தெரிந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையுடன் கேட்டார்:

“ஐயா, பண்ருட்டி சந்தைக்கு ஆளனுப்பிப் பாக்கட்டுங்களா?”